புதையல் படங்களின் கதை – 7: நிழல் காட்டிய வழி

சென்ற வாரக் கதை கஹாமார்க்காவில் நின்றது.

1532 நவம்பர் 16 அன்று, பெரு நாட்டின் அந்த மலை நகரத்தில், ஸ்பானியர் பிசாரோவின் 168 பேர் கொண்ட படை இன்கா பேரரசர் அத்தாவல்பாவைப் பிடித்தது. உயிருக்கு விலையாக அவர் ஓர் அறையைக் காட்டினார். 22 அடி நீளம், 17 அடி அகலம். ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரம்வரை ஒரு தடவை தங்கம். அப்புறம் இரண்டு தடவை வெள்ளி. பேரரசின் நாலா பக்கத்திலிருந்தும் பொன் வந்து குவிந்தது. குஸ்கோ சூரியக் கோயிலின் சுவரில் பதித்திருந்த தகடுகளைக்கூடப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் உருக்கிக் கட்டியாக்கிப் பங்கு பிரித்த பிறகு, 1533 ஜூலை 26 அன்று அத்தாவல்பாவின் கழுத்தை நெரித்தார்கள்.

புதையல் கதை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. வந்துகொண்டிருந்த சுமைகள் சாவுச் செய்தி கேட்டு வழியிலேயே திரும்பிவிட்டனவாம். இன்கா தளபதி ரூமின்யாவி அவற்றை எக்வடோரின் லியாங்கனாத்திஸ் மலைகளுக்குள் எங்கேயோ ஒளித்துவிட்டாராம். மழையும் மூடுபனியும் சேறும் விலகாத அந்த மலைகளுக்கு இன்றும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கைக்கு வந்த தங்கத்தைவிட, வராமல் போன தங்கத்துக்குத்தான் சினிமாவில் எப்போதும் கிராக்கி.

அந்தக் கிராக்கி ஹாலிவுட்டில் உருவெடுத்து, சோழர் பெயரோடு தமிழ்த் திரைக்கு வந்து சேர்ந்த விதம்தான் இந்த வாரம். அந்த வழியே போனால் விழுப்புரம் பக்கத்துப் பிரம்மதேசம் வருகிறது. அங்கே கதை வேறு திசையில் திரும்புகிறது.

★

ஹெஸ்டனின் தொப்பி

1954. பாரமவுண்ட் நிறுவனம் ‘சீக்ரெட் ஆஃப் தி இன்காஸ்’ என்ற படத்தை வெளியிட்டது. இயக்கம் ஜெர்ரி ஹாப்பர், நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன். பழுப்புத் தோல் சட்டை, விளிம்பு வளைந்த தொப்பி, மூன்று நாள் தாடி, யாரையும் நம்பாத பார்வை. ஹாரி ஸ்டீல் என்ற அந்தப் பாத்திரத்தை இன்று பார்க்கிறவர்களுக்கு வேறொரு பெயர்தான் உடனே வாயில் வரும்.

வந்தால் தப்பில்லை. 1981இல் ஸ்பீல்பெர்க்கின் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்துக்கு ஆடை வடிவமைத்த டெபோரா நடூல்மன், படக்குழு இந்தப் பழைய படத்தைப் பலமுறை போட்டுப் பார்த்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இண்டியானா ஜோன்ஸின் தொப்பியும் சட்டையும் பெருவிலிருந்து வந்தவை.

உடை மட்டும் வரவில்லை. ஒரு காட்சியும் வந்தது.

ஹெஸ்டன் படத்தில் எல்லோரும் தேடுவது பொன்னாலான ஒரு சூரியச் சின்னத்தை. அது இருக்கும் இடத்தை வரைபடம் சொல்வதில்லை, வெளிச்சம் சொல்கிறது. கல்லறைக்குள் ஒளியைத் திருப்பிவிட்டு, அது விழும் இடத்தைப் பின்பற்றி ஹாரி ஸ்டீல் போகிறான். இருபத்தேழு வருடம் கழித்து ‘ரெய்டர்ஸ்’ படத்தில் அதே உத்தி இன்னும் பெரிதாகத் திரும்புகிறது. கூரை ஓட்டை வழியாக இறங்கும் சூரியக் கதிர், கோலின் உச்சியில் இருக்கும் படிகத்தில் பட்டு, தரையில் செய்து வைத்த நகர மாதிரியில் ஒரே ஒரு கட்டடத்தைச் சுட்டெரிப்பதுபோல் காட்டுகிறது.

சூரியனைக் கும்பிட்ட மக்களின் கதையிலிருந்து வந்த உத்தி என்பதால், வெளிச்சம் வழிகாட்டுவதில் ஒரு பொருத்தம் உண்டு.

மற்ற விஷயங்களில் ஹாலிவுட் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. ‘ரெய்டர்ஸ்’ தொடங்குவதே 1936இல், பெருவின் காட்டுக்குள்தான். ஆனால் படம் பிடித்தது ஹவாய்த் தீவில். நாயகன் திருடும் பொன் பதுமை பெருவின் சாச்சபோயா மக்களுடையது என்று கதை சொல்கிறது. பதுமையின் வடிவமோ மெக்சிகோவின் அஸ்டெக் தேவதைச் சிலை ஒன்றைப் பார்த்துச் செய்தது. துரத்தி வரும் ஹோவிட்டோ மக்கள் உலகில் எங்கும் இல்லாதவர்கள். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இருந்த இரண்டு நாகரிகங்களை ஒரே பையில் போட்டுக் குலுக்கியும் ரசிகர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஹெஸ்டன் படம் அந்த வகையில் மேல். பெருவின் மலை நகரமான மச்சு பிச்சுவுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போன முதல் பெரிய ஹாலிவுட் படம் அது. பெரு நாட்டுப் பாடகி யீமா சுமாக் அதில் பாடினார். ஆனாலும் அந்த மண்ணின் மக்களுக்குக் கிடைத்த இடம் பின்னணியில்தான். அவர்கள் பாடுகிறார்கள், கும்பிடுகிறார்கள். கண்டுபிடிப்பது வேறொருவன்.

இந்த அமைப்பை உடைத்தவர் ஒருவர் உண்டு என்றால் அது ஜெர்மானியர் வெர்னர் ஹெர்சாக். 1972இல் வந்த ‘அகீரே’ படத்தில் பொன் நாடான எல் டொராடோவைத் தேடிப் போகிறவர்களுக்கு ஆறும் காய்ச்சலும் அம்பும்தான் கிடைக்கின்றன. தங்கம் ஒரு குன்றிமணிகூட இல்லை.

★

தூணின் நிழல்

தமிழ் ரசிகர்களுக்குப் புதையல் புதிதல்ல. 1957இலேயே கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் எழுத்தில், சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த ‘புதையல்’ வந்துவிட்டது. ஆனால் மலையும் பாலைவனமும் பழங்குடிச் சாபமுமாக வரும் புதையல் வேட்டையை இங்கே பழக்கியது வேறொரு படம்: ‘மெக்கன்னாஸ் கோல்டு’.

1969இல் வந்த இந்தப் படத்தில் கிரிகரி பெக், ஒமர் ஷெரிப் நடித்திருந்தார்கள். அமெரிக்காவில் சுமாராகப் போன படம், இந்தியாவில் மறுபடி மறுபடி தியேட்டருக்கு வந்தது. அதில் ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பொழுது விடிகிறது. பாலைவனத்தில் தனியாக நிற்கும் கல்தூணின் நிழல் மெல்ல நீள்கிறது. குதிரைகள் அதோடு ஓடுகின்றன. மலைச் சுவரில் அந்த நிழல் தொடும் இடத்தில் ஒரு பிளவு. அதற்குள்தான் தங்கப் பள்ளத்தாக்கு.

வெளிச்சம் போய் நிழல் வந்துவிட்டது, கவனிக்க வேண்டும்.

★

2010

அந்த ஒரே வருடத்தில் தமிழ் சினிமாவுக்கும் இந்தத் தொடரின் கதைக்கும் இரண்டு முடிச்சுகள் விழுந்தன.

பின்னால் வந்ததை முதலில் சொல்லிவிடலாம். அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’ வெளியானது. ரஜினிகாந்தும் ஐஸ்வர்யா ராயும் ஆடிய ‘கிளிமாஞ்சாரோ’ பாடலை ஷங்கர் மச்சு பிச்சுவில் எடுத்திருந்தார். ஹைரம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று ஏறிப் பார்த்து உலகுக்குச் சொன்ன கல் நகரம், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஐந்து நிமிடம் காணக் கிடைத்தது. பாட்டில் வருவது ஆப்பிரிக்க மலை, பின்னால் நிற்பது தென் அமெரிக்க மலை. ஹோவிட்டோ மக்களைப் படைத்தவர்களைக் கேலி செய்கிற உரிமை நமக்கு முழுசாக இல்லை.

முக்கியமான முடிச்சு பொங்கலன்றே விழுந்துவிட்டது.

ஜனவரி 14. செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. பெயர் மட்டும் 1965இல் பந்துலு எடுத்த எம்.ஜி.ஆர். படத்துடையது, கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன். ராம்ஜியின் ஒளிப்பதிவு, ஜி.வி. பிரகாஷ் குமாரின் இசை. 2007இல் தொடங்கி, சாலக்குடிக் காட்டிலும் ஜெய்சால்மர் மணலிலும் ஹைதராபாத் செட்டிலுமாக இழுத்துக்கொண்டே போன படம்.

கதை 1279இல் தொடங்குகிறது. பாண்டியரிடம் தோற்கும் சோழர்கள் தங்கள் இளவரசனையும் மக்களில் ஒரு பகுதியையும் கடல் கடத்தி விடுகிறார்கள். கூடவே பாண்டியரின் குலதெய்வச் சிலையும் போகிறது. வியட்நாம் பக்கத்துத் தீவு ஒன்றில் அவர்கள் ஒளிந்துகொள்ள, வழியெங்கும் பொறிகள். எழுநூறு வருடம் கடந்த நிலையில் தொல்லியலாளர் ஒருவர் தேடிப் போய்க் காணாமல் போகிறார். அவரைத் தேடி ஒரு கூட்டம் புறப்படுகிறது. சுமை தூக்கும் ஆட்களின் தலைவன் முத்துவாகக் கார்த்தி.

★

நடராசர்

பாலை நிலத்தில் இடிந்து கிடக்கும் கற்கள். முன்னால் விரிந்து கிடப்பது மணல் என்று தோன்றினாலும் அது புதைகுழி. கால் வைத்தவனை விழுங்குகிறது. திரும்பிப் போக வழியில்லை.

சூரியன் ஒரு கோணத்துக்கு வருகிறது. தனித்தனியே அர்த்தமில்லாமல் நின்ற கல் இடிபாடுகளின் நிழல்கள் ஒன்றோடு ஒன்று சேர்கின்றன. தூக்கிய திருவடி தெரிகிறது, விரித்த கை தெரிகிறது, பறக்கும் சடை தெரிகிறது. மணல் மேல் நடராசர் படுத்திருக்கிறார். அந்த நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தரை கெட்டி. சூரியன் நகர நகர நிழலும் நகரும். அதற்குள் ஓடிக் கடக்க வேண்டும்.

கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா மூவரும் ஓடுகிறார்கள்.

ஹெஸ்டன் படத்திலிருந்து வரும் கொடி இது. ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தின் தூண் நிழல் இதற்கு நேர் மூத்தது. ஆனால் முந்தைய மூன்று படங்களிலும் வெளிச்சமோ நிழலோ புதையலைக் காட்டிக் கொடுக்கும் துப்பு. இங்கே அது துப்பு அல்ல, பாதையே அதுதான். சாமியின் மேல் கால் வைத்து ஓடினால்தான் உயிர் பிழைக்கலாம். சோழர் கலை உலகுக்குத் தந்த மிகப் பிரபலமான உருவத்தை இப்படி ஒரு ஓட்டத்துக்குள் கொண்டுவந்த கற்பனை, தமிழ்த் திரையின் சாகசக் காட்சிகளில் தனியாக நிற்கிறது. வரைகலையின் குறைகள் இன்று கண்ணில் உறுத்தலாம். அந்த யோசனை உறுத்தவில்லை.

★

பசித்த ராஜ்ஜியம்

இடைவேளைக்கு அப்புறம்தான் செல்வராகவன் கைவரிசையைக் காட்டினார். அங்கேதான் அன்றைய ரசிகர்களில் பாதிப் பேர் படத்தைக் கைவிட்டார்கள்.

புதையல் தேடிப் போனவர்கள் ஒரு மக்கள் கூட்டத்தைக் கண்டடைகிறார்கள். கறுத்து, ஒட்டி உலர்ந்து, பிடி சோற்றுக்குத் தவிக்கும் சோழக் குடிகள். தஞ்சைக்கு அழைத்துப் போக ஒரு தூதன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறவர்கள். அவர்களின் ராஜா பார்த்திபன். பேசுவது பழந்தமிழ். தமிழ்ப் படத்தில் தமிழே விளங்கவில்லை என்று தியேட்டரில் முணுமுணுப்பு எழுந்தது.

இன்கா படங்கள் ஒன்றிலும் இல்லாத திருப்பம் இது. அங்கே தேடுகிறவன் வெளியாள். தொலைந்தவர்கள் வேறு மொழி பேசும் வேறு இனம். தங்கத்தை எடுத்தாலும் விட்டாலும் அவன் ஊருக்குத் திரும்பிவிடலாம். இங்கே தேடிப் போகிறவர்களும் தமிழர்கள், தேடப்படுகிறவர்களும் தமிழர்கள். ரீமா சென்னின் அனிதா பாண்டியர் வழிவந்தவள், குலதெய்வச் சிலையை மீட்க வந்தவள் என்று தெரியும்போது, எழுநூறு வருடப் பகை நிகழ்காலத்துக்கு வந்து நிற்கிறது. புதையல் என்று படம் முழுக்கத் துரத்தியது கடைசியில் ஒரு சிலையையும் ஒரு பழிவாங்கலையும்தான்.

முடிவில் நவீனத் துப்பாக்கிகளோடு வரும் படை அந்த மக்களை என்ன செய்கிறது என்று காட்டும் பகுதி, பார்க்கக் கடினமானது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டே மாதம் ஆகியிருந்தது. பல விமர்சகர்கள் இந்தக் காட்சிகளை ஈழத்தோடு சேர்த்தே படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள்.

தணிக்கைக் குழு ‘ஏ’ சான்றிதழ் தந்தது. பொங்கல் கூட்டத்துக்கு அது ஒத்துவரவில்லை. தெலுங்கில் ‘யுகானிகி ஒக்கடு’ என்று போனபோது வரவேற்பு இருந்தது. தமிழில் மெல்ல மெல்லத்தான் மதிப்பு ஏறியது. 2021 ஜனவரி 1 அன்று தனுஷை வைத்து இரண்டாம் பாகம் என்று அறிவிப்பு வந்தது. அதே வருடம் டிசம்பர் 31 அன்று பழைய படமே மறுபடி தியேட்டருக்கு வந்து அரங்கு நிறைந்தது. பதினோரு வருடத்துக்கு முன் எழுந்து போனவர்களில் சிலர் அன்று விசில் அடித்திருக்கலாம்.

★

சும்மா நின்றுபோன கல்வெட்டுகள்

இந்தக் கற்பனைக்கு வரலாறு எவ்வளவு இடம் தருகிறது?

கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் ராஜேந்திரன். 1246இல் பட்டத்துக்கு வந்தவன். 1279இல் மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் தோற்கிறான். அத்தோடு சோழ மன்னன் பெயரில் ஆட்சி ஆண்டு போட்டு வெட்டிய கல்வெட்டுகள் நின்றுவிடுகின்றன. நானூறு வருடம் தானமும் விளக்கும் ஆடும் நெல்லுமாகக் கணக்கு எழுதிக் குவித்த ஒரு வம்சம், தன் முடிவைப் பற்றி மூச்சுவிடவில்லை. இளவரசன் தப்பினான் என்றோ, சிறைப்பட்டான் என்றோ, செத்தான் என்றோ ஒரு வரி இல்லை. செல்வராகவன் கதை நுழைந்த வாசல் இதுதான்.

கடல் வழிகூட அந்தரத்தில் வந்ததல்ல. 1025இல் முதலாம் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரம்வரை போய் வந்திருக்கிறது. தென்கிழக்காசியக் கடல் சோழ மாலுமிகளுக்குத் தெரிந்த கடல்.

வேடிக்கை என்னவென்றால், ‘தப்பிப்போன அரசகுலத்தின் மறைவிட ராஜ்ஜியம்’ என்ற கற்பனை பெருவில் நிஜமாகவே நடந்தது. அத்தாவல்பா இறந்த பிறகு இன்கா அரசகுலத்தார் வில்கபம்பா என்ற காட்டு நகரத்துக்குப் போய், 1572 வரை தனி அரசு நடத்தினார்கள். கடைசி அரசர் தூபாக் அமாருவைப் பிடித்து குஸ்கோவில் தலையை வெட்டிய பிறகுதான் அது முடிந்தது. பிங்கம் 1911இல் தேடிப் போனதே அந்த வில்கபம்பாவைத்தான். கிடைத்த மச்சு பிச்சுவையே அது என்று நம்பிக்கொண்டார். ‘ஆயிரத்தில் ஒருவன்’ கதைக்கு ஹெஸ்டனைவிட வில்கபம்பாதான் நெருங்கிய உறவு.

★

பிரம்மதேசம் பக்கம்

இனி கற்பனையை விட்டு நிஜமான சோழர் மண்ணுக்கு வருவோம். வட தமிழகத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஊர்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் ஒன்று. பழைய வடார்க்காட்டில், செய்யாறு பக்கம் ஒன்று. முதலாம் ராஜேந்திரன் இறந்தபோது அவன் தேவி வீரமாதேவியும் உயிர் நீத்ததையும், அவள் சகோதரன் அங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்ததையும் சொல்லும் கல்வெட்டு அந்த ஊரில்தான் இருக்கிறது. சோழர் கதை பேசுகிறவர்கள் அடிக்கடி ஊர் மாறிப் போவதும் இங்கேதான்.

இந்த வாரத்துக்கு வேண்டியது மூன்றாவது: விழுப்புரத்துக்கு வடக்கே, எண்ணாயிரத்தை ஒட்டிய பிரம்மதேசம். பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என்று இரண்டு சோழர் காலச் சிவன் கோயில்கள் அங்கே உண்டு. எண்ணாயிரம், பிரம்மதேசம், எசாலம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த வட்டாரம் அரசவையின் நேரடிப் பார்வையில் இருந்தது.

எண்ணாயிரம் பெருமாள் கோயில் கல்வெட்டில் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரி ஒன்றின் கணக்கு இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். மாணவர்களில் 270 பேர் இளையோர், 70 பேர் மேல்படிப்புக்காரர்கள். யாருக்குத் தினம் எத்தனை நாழி நெல் என்பதுவரை எழுதி, செலவுக்கு 45 வேலி நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். காட்டு வழிப் பொறிகளைவிட இந்த நெல் கணக்கில் சோழ அரசின் முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இதற்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

எசாலம் கதைக்கு வாங்குவார்கள்.

1987. விழுப்புரம் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, தென்னார்க்காட்டில் இருந்தது. எசாலம் இராமநாதீசுவரர் கோயிலில் திருப்பணி. தோண்டிய மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. பூசைச் சாமான்கள் வந்தன. கூடவே வளையத்தில் கோத்து, முத்திரை வைத்த செப்பேட்டுக் கட்டு ஒன்று.

பொறி கிடையாது. பாம்பு கிடையாது. நிழலும் வந்து வழிகாட்டவில்லை.

அந்த ஏடுகள் முதலாம் ராஜேந்திரனின் 25ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தவை. அதாவது 1036 வாக்கில் எழுதியவை. ராஜேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த கோயிலுக்கு அரசன் கொடுத்த நிலக்கொடை அவற்றில் பதிவாகியிருந்தது. கங்கைகொண்ட சோழீச்சுரத்தை ராஜேந்திரன் கட்டினான் என்பதும் அதில் இருந்தது. தொல்லியலாளர் இரா. நாகசாமி இந்தத் திருமேனிகளையும் ஏடுகளையும் ஆராய்ந்து எழுதினார். உருக்கி விற்றால் சில கிலோ செம்பு. படித்தால் ஓர் அரசனின் கையொப்பம்.

இங்கே சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1878ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். இண்டியானா ஜோன்ஸ் இந்தப் பக்கம் வேலை பார்த்திருந்தால், அவர் முதலில் சமாளிக்க வேண்டியது பாம்பை அல்ல, தாலுகா ஆபீஸை.

★

சாமியைப் புதைத்தவர்கள்

தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணிக்குத் தோண்டும்போது திருமேனிகள் கிடைப்பது அபூர்வமல்ல. படையெடுப்பு, கலவரம் என்று ஆபத்து வரும்போது உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் எப்படிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதற்கு ஆகம நூல்களிலேயே விதி உண்டு. ஆபத்து நீங்கியதும் எடுத்து மறுபடி பூசையில் வைக்க வேண்டும் என்றும் உண்டு. புதைத்தவர்களும் விவரம் தெரிந்தவர்களும் உயிரோடு திரும்பாத இடங்களில், சாமி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

என்ன ஆபத்து என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் தென்னாட்டைச் சூறையாடிவிட்டு டில்லிக்குத் திரும்பினார். அவர் கொண்டுபோனது 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு தங்கம் என்று வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். கூட இருந்தே எழுதியதுபோல எழுதும் கவிஞர் அமீர் குஸ்ரோ யானையை 512 ஆகவும் குதிரையை 5,000 ஆகவும் குறைக்கிறார். கணக்கில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், கஹாமார்க்கா அறையோடு ஒப்பிடத் தக்க கொள்ளை அது.

பெருவில் உருகாமல் தப்பியது கொஞ்சம்தான். இங்கே யாரோ சில குருக்கள்மாரும் ஊர்க்காரர்களும் ராத்திரியோடு ராத்திரியாகக் குழி வெட்டியதால் தப்பியவை இன்றும் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ‘ஆயிரத்தில் ஒருவன்’ கதையில் ஒரு சிலையோடு ஒரு கூட்டமே கடல் கடந்தது. எசாலத்தில் கோயில் வளாகத்துக்குள் ஒரு குழி போதுமாக இருந்தது.

★

சிறைப்பட்ட சோழன்

இத்தனை படங்களும் தொடாத ஒரு கதை பிரம்மதேசத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. அத்தாவல்பாவுக்கு முந்நூறு வருடம் முன்பு.

மூன்றாம் ராஜராஜன் பெயருக்குத்தான் சோழச் சக்கரவர்த்தி. அவனுக்குக் கீழே அடங்கி இருக்க வேண்டிய காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், வந்தவாசி பக்கத்துத் தெள்ளாற்றில் சோழனை வென்று, மந்திரிகளோடு பிடித்தான் என்கிறது வயலூர்க் கல்வெட்டு. சிறை வைத்தது சேந்தமங்கலத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம். வரைபடத்தில் தெள்ளாற்றையும் சேந்தமங்கலத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், எண்ணாயிரமும் பிரம்மதேசமும் நடுவில் வருகின்றன. பாட்டனுக்குப் பாட்டன் செப்பேடு எழுதிக் கொடுத்த மண்ணின் ஓரமாகப் பேரன் கைதியாகக் கடந்து போயிருக்கக் கூடும்.

மீட்க வந்தவன் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில், 1231 வாக்கில் வெட்டிய கல்வெட்டு மீட்பைப் படிப்படியாகச் சொல்கிறது. சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்திருக்கிறான், அவன் படை நாட்டையும் கோயில்களையும் அழிக்கிறது என்று கேள்விப்படுகிறான் நரசிம்மன். துவாரசமுத்திரத்திலிருந்து புறப்படுகிறான். பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தளபதிகளை அனுப்புகிறான். அவர்கள் காடவனின் ஊர்களை எரித்து, பயிரை அழித்துக்கொண்டே வருகிறார்கள். நடுவில் சிதம்பரத்தில் பொன்னம்பலத்தைக் கும்பிடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் முகாம். அடுத்த இலக்கு சேந்தமங்கலம்.

முற்றுகைக்கு எல்லாம் தயார்.

ஆனால் முற்றுகை நடக்கவில்லை. சோழனை விட்டுவிடுகிறேன் என்று கோப்பெருஞ்சிங்கன் சொல்லி அனுப்புகிறான். தளபதிகள் சக்கரவர்த்தியை மரியாதையோடு அழைத்துக்கொண்டு போய்ச் சோழநாட்டில் சேர்க்கிறார்கள். சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன் என்று நரசிம்மன் பட்டம் சூட்டிக்கொள்கிறான்.

இதுவரை எல்லாம் சரி. அப்புறம் நடந்ததுதான் இடிக்கிறது. சக்கரவர்த்தியைச் சிறைப்பிடித்தவனின் தலை போகவில்லை. சேந்தமங்கலம் போகவில்லை. சில வருடங்களில் கோப்பெருஞ்சிங்கன் பெயரில் தனி ஆட்சி ஆண்டு ஓடத் தொடங்குகிறது. ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் வருகிறது. சேந்தமங்கலத்தில் கோயில் எழும்புகிறது. தோற்றவன் என்று திருவந்திபுரம் சொல்லும் ஆள், ஜெயித்தவனைப் போல வாழ்ந்திருக்கிறான்.

அப்படியானால் திருப்பாதிரிப்புலியூர் முகாமுக்கும் சேந்தமங்கலம் கோட்டைக்கும் நடுவே போய்வந்த தூதர்கள் பேசி முடித்தது என்ன? சோழனை விடுவதற்குக் கோப்பெருஞ்சிங்கன் வாங்கிய விலை எது?

(தொடரும்)